எழுபத்தேழு மைல்

"இப்படியே போனா எழுபத்தஞ்சு மைலைத் தாண்டிடும், வெர்னா. பீட்ரூட் வயல் வழியா ஒரு மண் ரோடு இருக்கு, அதுல போங்களேன்" என்றான் டெல்மர்.

"அது பண்ணைக்காரனோட சொந்த ரோடு. பொது ரோடுதான் கணக்கு. சும்மா வா" என்றாள் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த வெர்னா. கம்பெனி ஆபீஸைக் கட்டி ஆள்பவள் அவள்தான்.

டெல்மர் வேலை பார்த்த தானியக் கிடங்கில் பத்துப் பேர்கூட இல்லை. மற்றவர்கள் எல்லாம் தலைமை ஆலையில். கிடங்கிலிருந்து எழுபத்தைந்து மைலுக்குள் கம்பெனிக்கு ஐம்பது ஆட்கள் இருந்தால்தான் மத்திய அரசின் விடுப்புச் சட்டம் அவனைக் காப்பாற்றும். ஆலை எவ்வளவு தூரம் என்று அளக்கத்தான் இந்தப் பயணம். அடுத்த வாரம் மனைவி கோராவுக்கு இதய ஆபரேஷன். பார்த்துக்கொள்ள அவனை விட்டால் ஆள் கிடையாது. சட்டம் இல்லையென்றால், லீவு போட்ட அன்றே முதலாளி வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம்.

ஆலை வாசலில் வண்டி நின்றது. மீட்டர் எழுபத்தேழு மைல் காட்டியது.

"ரெண்டே மைல்தானே..." டெல்மர் மீட்டரை மறுபடி எட்டிப் பார்த்தான். "கொஞ்சம் குறைச்சு எழுதக் கூடாதா?"

"பொய் எழுதச் சொல்றியா?" வெர்னா போனை எடுத்தாள். "முதலாளி, எழுபத்தேழு. சட்டம் நம்மளைத் தொடாது."

மறுமுனையில் முதலாளி, கிழவர் ஆர்லோ, போட்ட சிரிப்பு டெல்மர் காதுவரை கேட்டது. வாஷிங்டன், மத்திய அரசு என்று யாராவது சொன்னாலே அவருக்குச் சோறு இறங்காது. அதற்காக, ஒருத்தன் குடும்பம் தவிக்கும்போது இப்படியா சிரிப்பது? டெல்மர் வண்டிக் கதவைத் திறந்து இறங்கினான்.

"ரெண்டு பேருக்கும் இப்ப சந்தோஷம்தானே? நான் வேலையை விட்டுடறேன். எனக்கு என் பொண்டாட்டிதான் முக்கியம்."

"அட, முழுசாக் கேளுப்பா" என்றாள் வெர்னா. "சட்டம் நம்மளைப் பிடிச்சிருந்தா, அதுல உள்ளபடி பன்னிரண்டு வாரம், சம்பளம் கிடையாது, அதுக்கு மேல ஒரு சென்ட் தரமாட்டேன்னு கிழவர் ஒத்தைக் கால்ல நின்னார். இப்ப அவரா மனசு வெச்சுக் குடுத்தா, வாஷிங்டன் மிரட்டித்தான் குடுத்தார்னு எவனும் சொல்ல முடியாதே. கோரா எழுந்து நடமாடற வரைக்கும் நீ வீட்டுல இருப்பியாம், சம்பளம் வாராவாரம் வீடு தேடி வருமாம்."