கண்ணால் பார்த்தவர்கள்

"ஐயோ மேடம், உங்க பை!"

வரலாற்று வகுப்பே எழுந்து நின்று கத்தியது. கரும்பலகையில் இடைக்கால முற்றுகை ஒன்றைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த பேராசிரியை திரும்புவதற்குள், மேசைமேல் இருந்த பையைப் பிடுங்கியவன் கதவைத் தாண்டிவிட்டான்.

"நான் துரத்திப் பிடிச்சிடறேன் மேடம்!" முன்வரிசைப் பெண் செருப்பை உதறிவிட்டுத் தயாரானாள்.

"யாரும் நகரக் கூடாது. உட்காருங்க." அவர் குரலில் துளிப் பதற்றம் இல்லை. "இது நான் ஏற்பாடு பண்ணின நாடகம். இப்பப் பார்த்ததை அப்படியே எழுதிக் கொடுங்க."

எதற்கெடுத்தாலும் "ஆதாரம் எங்கே?" என்று கேட்பதால் அவருக்கு 'ஆதாரம் மேடம்' என்று பட்டப்பெயர் உண்டு. ஆனாலும் இவ்வளவு தூரம் போவார் என்று யார் கண்டது?

நாடகத்துக்கும் அசல் பையையே வைத்திருந்தார். அதில் இருந்தது அவருடைய மடிக்கணினி. அதற்குள், வருஷக் கணக்கில் மாடாய் உழைத்து எழுதிய புத்தகம். நாளைக்குப் பதிப்பகத்துக்குப் போக வேண்டியது. நகல் கிடையாது. மூலம் இருக்கும்போது நகல் எதற்கு என்பது அவர் கட்சி.

தாள்கள் வந்தன. சட்டை ஒருத்தருக்குப் பச்சை, இன்னொருத்தருக்கு நீலம். தாமதமாக வந்து, பக்கத்தில் விசாரித்து எழுதிய மாணவனின் தாளில் திருடர்கள் இரண்டு பேர், கையில் கத்தி வேறு.

"இது கேட்டு எழுதினது. இரண்டாம் நிலைச் சான்று. கத்தியெல்லாம் இப்படித்தான் முளைக்கும்," என்றார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. "மத்ததெல்லாம் பார்த்தவங்க எழுதினது, முதன்மைச் சான்று. அதுக்காக அதையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பிடக் கூடாது. ஓடினவன் நல்ல உயரம்னு எல்லாருமே எழுதியிருக்கீங்க."

"உயரம்தான் மேடம். கதவுல இடிக்காம குனிஞ்சுதான் போனான்," என்றாள் முன்வரிசைப் பெண்.

மேடத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திருடனாக நடிக்க ஒப்புக்கொண்ட, இரண்டாவது தட்டுப் புத்தகத்துக்கே முக்காலி தேடுகிற நூலகரை இப்படி வளர்த்துவிட்டார்களே!

"பயந்து பார்த்தா ஆள் வளர்ந்துடுவான்மா. அந்தக் காலத்துப் போர்க் குறிப்புல எதிரித் தளபதியெல்லாம் மலை மாதிரி இருக்கறது இதனாலதான்."

"நீங்க பார்த்தீங்களா மேடம்?"

"நான் திரும்பி நின்னேன். ஆனா அது யாருன்னு எனக்குத் தெரியுமே!"

அப்போது கதவு மெல்லத் திறந்தது. மூச்சு வாங்கத் தலையை நீட்டிய நூலகர், காலி மேசையைப் பார்த்துக் குழம்பினார். பிறகு மேடத்தின் அருகில் வந்து கிசுகிசுத்தார்.

"மன்னிச்சுக்குங்க மேடம், கொஞ்சம் லேட்டாயிடுச்சு. பை எங்கே? இப்பப் பிடுங்கிட்டு ஓடட்டுமா?"