பின்சீட்டு டிரைவர்

மோகனன் பின்சீட்டில் உட்கார்ந்து ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான்.

முன்னால் ஹேண்டிலைப் பிடித்திருந்தவள் அவன் மனைவி லேகா. வளைவு வரும்போதெல்லாம் பின்னால் இருந்தவனின் வலதுகால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. பள்ளம் வந்தால் இடதுகை, அங்கே இல்லாத கிளட்சைப் பிடித்தது. கண்ணாடியில் அதைப் பார்த்தபோது லேகாவுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மீசை முளைத்த நாளிலிருந்து ஆட்டோ ஓட்டியவன். இன்று ஒரு மொபெட்டைக்கூடத் தொட முடியாது. கஞ்சா வழக்கில் தண்டனை முடிந்து வீட்டுக்கு வந்தான். பின்னாலேயே லைசன்ஸ் ரத்தான தகவலும் வந்துவிட்டது. பறிமுதலான பழைய ஆட்டோ கோர்ட்டோடு போயிற்று.

லேகா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். குடும்பஸ்ரீ மகளிர் குழுவில் கடன் போட்டு இந்த ஆட்டோவை எடுத்தாள்.

இன்று அவனுக்கு நெய்யாற்றின்கரையில் புது வேலை. வாட்டர் சர்வீஸ் கடையில் வண்டி கழுவ வேண்டும்.

"ஓட்டத்தானே கூடாது, குளிப்பாட்டலாமில்லியா?" என்று குன்னத்துகாலில் வண்டி ஏறும்போது அவனே சொல்லிச் சிரித்தான். அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று லேகா நினைத்துக்கொண்டாள்.

அமரவிளை நெருங்கியபோது சாலையோரம், சாராயமும் கஞ்சாவும் பிடிக்கும் எக்சைஸ் ஜீப் நின்றது. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் கையைக் காட்டினார்.

சத்தியதாஸ்.

அன்று மோகனனைப் பிடித்தவர் அவர்தான். ஆனால் லேகா பயந்தது அதற்காக இல்லை. அதற்கு முந்தின நாள் அவருக்குப் போன் செய்து சொன்னவளே அவள்தான்.

பழைய ஆட்டோவின் பின்சீட்டுக்கு அடியில் கஞ்சாப் பொட்டலம் இருக்கும். அதன்மேல் உட்கார்ந்துதான் மகள் அனகாவும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் தினமும் பள்ளிக்கூடம் போனார்கள். கெஞ்சிப் பார்த்தாள். சண்டை போட்டாள். மகள் தலையில் அடித்து அவனைச் சத்தியம் செய்யவும் வைத்தாள். சத்தியம் அந்த வாரம்கூடத் தாங்கவில்லை.

போனில் தன் பெயரையும் புருஷன் பெயரையும் சொன்னபோது சத்தியதாஸ் ஒன்றுதான் கேட்டார், வண்டியில் பிள்ளைகள் இருப்பார்களா என்று. இருக்க மாட்டார்கள் என்றாள்.

மறுநாள் காலையில் அனகாவுக்குக் காய்ச்சல் என்று மோகனனிடம் பொய் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை முன்கூட்டியே பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். இதெல்லாம் அவனுக்குத் தெரிந்தால் தன்னோடு வாழ்வானா? அன்றிலிருந்து இந்தப் பயத்தோடுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.

சத்தியதாஸ் லைசன்ஸ் கேட்டார்.

பின்சீட்டில் மோகனனின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. பையில் ஒன்றும் இல்லை. எடுக்கவும் முடியாமல் கீழே போடவும் முடியாமல் கை அங்கேயே நின்றது. கண்ணாடியில் அதைப் பார்க்க முடியாமல் லேகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் நீட்டிய அட்டையில் இருந்த பெயரை அவர் படித்தார். அவளைப் பார்த்தார். பிறகு பின்னால் இருந்தவனைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை தவறி விழுந்தால் போதும், குடும்பம் உடைந்துபோகும்.

"மோகனா, சுகம்தானே?"

"நல்லாட்டு இருக்கேன் சார்."

அட்டையைத் திருப்பிக் கொடுத்து, "பாத்துப் போங்க சேச்சி" என்றார். அவ்வளவுதான்.

ஆட்டோ நகர்ந்தது. லேகா மனதுக்குள் அந்த மனுஷனுக்கு ஆயிரம் கும்பிடு போட்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து மோகனனின் குரல் கேட்டது.

"அன்னைக்குக் காலத்த பிள்ளைக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்ல, லேகா. வீட்டுலேருந்து எறங்கும்போ நெத்தியில தொட்டுப் பாத்தேன். பச்சத்தண்ணி மாதிரி இருந்தது."

அவளுக்கு வண்டியின் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"வாசல்ல நீ கண்ணத் தொடச்சு நின்னு கரஞ்சதையும் கண்ணாடியில பாத்தேன். தகவல் சொன்னது நீதான்னு அப்பவே மனசிலாச்சு. கால்வாய்ப் பாலத்துல வண்டிய நிப்பாட்டினேன். பொட்டலத்தத் தூக்கித் தண்ணியில போட்டிருந்தா எவனுக்கும் ஒண்ணும் கிட்டியிருக்காது."

"பின்ன எதுக்குப் போடல்ல?" லேகா கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள்.

"போட்டா மறுநாளும் போய் வாங்குவேன். எனக்கே என்னப் பத்தித் தெரியாதா?"

லேகாவுக்குச் சாலை கலங்கியது. ஹேண்டிலை இறுகப் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரமாக ஒதுக்கினாள். நின்றதும் ஹேண்டில்மேலேயே கவிழ்ந்து அழுதாள். அத்தனை நாள் அழுகையும் சேர்ந்து வந்தது.

பின்னாலிருந்து நீண்ட கை அவள் முதுகில் பதிந்தது. அவள் அழுது முடிக்கும்வரை அங்கேயே இருந்தது.

பிறகு மோகனன் மெல்லச் சொன்னான்.

"ஓரங்கட்டும்போ இண்டிகேட்டர் போடல்லியே நீ."