அல்வின் தட்டிய ஜன்னல்

பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி படபடவென்று அதிர்ந்தது. உள்ளேயிருந்து அல்வின் உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தான். தொண்டையில் கட்டு, வாயிலிருந்து சத்தம் வரவில்லை. முகம் சிவக்க, கையை மேலே தூக்கித் தூக்கி வீசினான்.

"தெரியுதுடா, தெரியுது" என்று முணுமுணுத்தபடி டாரல் தன் கொல்லையில் இருந்த, கறியைப் புகையில் வேகவைக்கும் ஸ்மோக்கர் அடுப்புக்கு ஓடினான். புகைக்குழலின் மூடியை இன்னும் கொஞ்சம் இறக்கினான்.

பதினெட்டு வருடமாக அடுத்தடுத்த வீடு. இந்த ஸ்மோக்கரைத் தேர்ந்தெடுத்ததே அல்வின்தான். பிப்ரவரியில் இருவரும் ஊருக்கு வெளியே ஒரு வெல்டரின் கொட்டகைக்குப் போயிருந்தார்கள். பளபளவென்றிருந்த ஒன்றின்மேல் டாரல் கை வைத்ததும் அல்வின் சிரித்துவிட்டான்.

"அது தகர டப்பாடா! காத்தடிச்சா சூடெல்லாம் போயிடும்."

பக்கவாட்டில் நெருப்புப் பெட்டி வைத்த, கால் அங்குல இரும்பில் செய்த ஒன்றை அவன் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். கதவு இடுக்கில் ஒரு டாலர் நோட்டைச் செருகி இழுத்தான். இடுக்கு அவ்வளவு இறுக்கம், அது லேசில் வரவில்லை. "இதை எடு. முதல் பிரிஸ்கெட்டை நாம ரெண்டு பேரும்தான் திங்கறோம், வேற எவனுக்கும் கிடையாது" என்றான்.

மார்ச் மாதம் புற்றுநோய் என்று அவன் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது வயிற்றில் செருகிய குழாய் வழியாகத்தான் சாப்பாடு.

அப்படிப்பட்டவனுக்கு முப்பதடி தூரத்தில் பிரிஸ்கெட்டை, அந்த மாட்டு நெஞ்சுக்கறியை, நாள் முழுக்க வேகவைப்பதா? இரண்டு மாதம் டாரல் நெருப்பே மூட்டவில்லை. மகளின் பட்டமளிப்புக்கு நாற்பது பேர் வருகிறார்கள் என்றானதும், வேறு வழியில்லாமல் இன்று ஒத்திகையாக ஒரு பிரிஸ்கெட்டை ஏற்றினான்.

காலையில் மூடி முழுதாகத் திறந்திருந்தது. ஓக் விறகு நின்று எரிய, புகை இருக்கிறதா என்றே தெரியாதபடி மெலிதாகப் போயிற்று. அல்வின் ஜன்னலருகே அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பார்வைதான் டாரலை அறுத்தது. வாசனையாவது அந்தப் பக்கம் போகாமலிருக்கட்டும் என்று மூடியைப் பாதி இறக்கினான். குபுகுபுவென்று வெள்ளைப் புகை கிளம்பியது. அப்போதுதான் ஜன்னலில் முதல் அடி விழுந்தது.

அடுக்களைக் கதவிலிருந்து டாரலின் மனைவி நோரா எட்டிப் பார்த்தாள். "இன்னும் மூடேன். பாவம், அவன் எதிர்லயா இதெல்லாம்?"

"மூடிக்கிட்டுதான் இருக்கேன். மூட மூட அவனுக்குக் கோபம் ஏறுது, நோரா. நீயெல்லாம் ஒரு மனுசனான்னு கேக்கறான்."

"நான் அப்பவே சொன்னேன், கடையில வாங்கிக்கலாம்னு."

டாரல் மூடியை இன்னும் ஒரு விரல் இறக்கினான். ஆஸ்பத்திரிக்குக்கூட இரண்டு தடவைதான் போயிருந்தான். குரல்வளை இல்லாத அல்வினின் தொண்டையைப் பார்க்கத் தைரியமில்லாமல், மூன்றாவது தடவை வண்டி நிறுத்தும் இடத்திலிருந்தே திரும்பி வந்திருந்தான். இப்போது இது வேறு.

வாளியில் தண்ணீர் பிடித்தான். போகட்டும் பிரிஸ்கெட், போகட்டும் விருந்து. நெருப்புப் பெட்டியின் கதவைத் திறந்தபோது வேலிக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அல்வினின் மனைவி டெல்மா, வீட்டுச் செருப்போடு புல்தரையில் விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தாள்.

"டெல்மா, என்னை மன்னிச்சிடு" என்றான் அவள் வாய் திறப்பதற்குள். "இதோ அணைச்சிடறேன். அவனால ஒரு வாய் முழுங்க முடியாதப்போ நான் இதைச் செஞ்சிருக்கவே கூடாது. நாளைக்கே இந்தச் சனியனை வித்துடறேன்."

டெல்மா வாளியைப் பிடுங்கித் தண்ணீரைப் புல்லில் கொட்டினாள்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுலேருந்து கட்டிலை விட்டு இறங்காத மனுசன். இன்னைக்கு நீ விறகு பிளக்கிற சத்தம் கேட்டு, தானா எழுந்து வந்து உக்காந்திருக்கான்."

டாரலுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்போ எதுக்கு அந்த அடி அடிக்கிறான்?"

"மூடியைத் திறக்கச் சொல்றான். இந்த வெள்ளைப் புகையில கறி கசந்துடுமாம், பாழாக்குறியாம்!"