சோக்கும் கையுறையும்

காலை எட்டு மணிக்கு, பன்னிரண்டாவது முறையாக, பல்கலைக்கழக மாணவன் தயாநிதி தன் மொபெட்டை உதைத்தான். மலைக்குளிரில் அது இருமியதே தவிர, கிளம்பவில்லை.

"இன்னிக்கும் பரீட்சைக்கு லேட்டானா உன்னை வித்துடுவேன்" என்றான்.

மொபெட்டுக்கு எரிச்சல் தாங்கவில்லை. தன் எஞ்சினை ஒட்டியிருந்த சின்னக் குமிழான சோக்கைக் கேட்டது: "குளிர்ல உன்னை இழுத்துவிட்டாத்தான் நான் கிளம்புவேன்னு இவனுக்குத் தெரியாதா, தம்பி?"

"நல்லாத் தெரியும்ண்ணே. கையுறையோட என்னைப் பிடிக்க முடியாது. கழட்டினா விரல் குளிருமாம்."

"உதைக்கிற கால் வலிக்கலையாமா?"

"வலிக்குது. அந்தப் பழியும் உங்க மேலதான்."

தயாநிதி வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது, தேர்வுக்கூடத்தின் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

ஜனவரி ஒன்பதாம் தேதி மொபெட் விற்கப்பட்டது. வாங்கியவர் கையுறையைக் கழற்றி, சோக்கை இழுத்து, ஒரே உதையில் கிளப்பிக்கொண்டு போனார்.