வாளித் தண்ணீர்

சுவிட்சைத் தட்டியதும் கருங்கல் அடுக்கின் மேலிருந்து தண்ணீர் இறங்கியது. போதகரும் சபையாரும் கை தட்டினார்கள்.

அப்பா சக்கர நாற்காலியில் அருவிக்கு நேர் எதிரே இருந்தார். பக்கவாதம் வந்து ஒரு வருடம். படுத்திருக்கும் மனிதருக்குத் தண்ணீர்ச் சத்தம் ஆறுதலாக இருக்கும் என்றுதான், பாளையங்கோட்டை வீட்டுத் தோட்டத்தில் இதைக் கட்டினேன்.

அப்பா, ஊருக்கு அருமைநாயகம் சார், முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்தவர். அன்றைக்கும் இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டிதான் வேண்டும் என்றார்.

கட்டியவர் பெருமாள்ராஜ். என்னைவிடப் பத்து வயது மூத்த கொத்தனார். எந்த இடுக்கில் தண்ணீர் எப்படி விழும் என்று மூன்று வாரம் குத்தவைத்துப் பார்த்துப் பார்த்துக் கல் பொருத்தினார். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

போதகர் ஜெபிக்கத் தொடங்கினார். எல்லோரும் கண்களை மூடினோம்.

பாதி ஜெபத்தில் சளாரென்று ஒரு சத்தம்.

பெருமாள்ராஜ் காலி வாளியோடு நின்றார். அப்பா இடுப்புக்குக் கீழே தொப்பலாக நனைந்திருந்தார்.

“கால் வழுக்கிட்டு சார்.”

“ஏலே, கண்ணு அவிஞ்சா போச்சு? முடியாத மனுசன் மேலயா ஊத்துவ?”

அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அவர் குனிந்து சக்கரங்களைத் துடைத்தார். தன் வீட்டுக்கும் ஒன்று கட்டச் சொல்லி அவரிடம் பேசிவைத்திருந்த ஜாஸ்பர், என் காதோரம் வந்து, வேறு ஆள் இருக்கிறாரா என்றார்.

பார்க்கலாம் என்றேன்.

அப்பாவை உள்ளே தள்ளிப்போய்க் கதவைச் சாத்தினேன். வேட்டியை உருவும்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வார்த்தைகள் குழறின.

“அந்த மனுசன ஏசாதல. தண்ணி சத்தம் கேட்டதும் எனக்கு அடக்க முடியல. அவன் ஒருத்தன்தான் கண்ண மூடல. பாத்துட்டான். பொறவுதாம்ல வாளிய எடுத்தான்.”

ஈர வேட்டி என் கையில் இருந்தது.

இனி எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க முடியாது. கேட்டால், எதற்கென்று சொல்ல வேண்டும்.

வெளியே வந்தேன். பந்தியில் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. பெருமாள்ராஜ் மட்டும் கேட்டுக்கு வெளியே பைக்கில் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

அவர் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, பைய, தாழ்ந்த குரலில் கேட்டார்.

“பெரிய சாருக்கு வேற வேட்டி கட்டியாச்சா?”