தணிகாசலத்தின் சனிக்கிழமை டிரெய்லர்

தினமும் காலை ஆறரைக்கு, அன்றைக்கு நடக்கப்போவதன் டிரெய்லர் அவரவர் போனுக்கு வந்துவிடும். தணிகாசலத்துக்கு வருவது எப்போதும் ஆபீஸ், டிராபிக், கொட்டாவிதான். இந்தச் சனிக்கிழமை வந்ததோ அசல் திரில்லர். அவர் கையில் கத்தி, தரையெல்லாம் சிவப்பு, புகை, ஓர் அலறல், கதவை இடிக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

"பொற்கொடி, இன்னிக்கு எனக்கு என்னமோ ஆகப்போகுது!"

அவர் மனைவி பொற்கொடி பன்னிரண்டு வருடம் சினிமா டிரெய்லர்களை எடிட் செய்தவள். சாவகாசமாகப் பார்த்தாள்.

"மியூசிக்கை நிறுத்திட்டுப் பாருங்க. சிவப்பா இருக்கறது தக்காளி. புகை, அடிப்பிடிச்ச குக்கர். விரல்ல லேசா வெட்டிக்கிட்டுக் கத்துறீங்க. முன்னபின்ன மாத்தி ஒட்டிப் பயமுறுத்துறான், அவ்வளவுதான்."

தணிகாசலத்துக்கு உயிர் வந்தது. பாதி காபி குடித்த பிறகுதான் உறைத்தது.

"ஆமா, நான் எதுக்குச் சமைக்கிறேன்? நீ ஒரு ஷாட்லகூட இல்லையே?"

"முக்கியமான ட்விஸ்ட்டை யாராவது டிரெய்லர்ல காட்டுவாங்களா?" கதவுக்குப் பின்னாலிருந்து டிராலி பெட்டியை இழுத்தாள். "சிநேகிதிங்களோட ஏற்காடு போறேன். செவ்வாய்க்கிழமை டிரெய்லர்ல கடைசி ஷாட்டா வருவேன்."