தயவுசெய்து தொடாதீர்கள்

"இன்னும் கொஞ்சம் இறுக்கட்டுமா சார்?"

மெய்நிகர் காட்சி காட்டும் வி.ஆர். கண்ணாடியின் பட்டையைக் காப்பாட்சியரின் தலையைச் சுற்றி இழுத்தாள் அவள். அது ஒரு சாண் கீழே இறங்கிக் கழுத்தைச் சுற்றினால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"போதும்மா, மண்டை வெடிச்சுடும்!" என்று சிரித்தவர், கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். எப்போதோ பட்ட வெட்டுத் தழும்பு அதன் குறுக்கே ஓடியது.

அருங்காட்சியகக் கூடம் நிரம்பியிருந்தது. கண்ணாடிக்குள் அவர் பார்ப்பதெல்லாம் பெரிய திரையிலும் தெரியும். கடைசி வரிசையில் அவளுடைய அம்மா உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பது வருடத்துக்கு முன் இங்கே கூட்டித் துடைத்தவள் அம்மா. நடனப் பெண் சிலையின் கை விழுந்த அன்று, "துடைப்பக் கட்டையால இடிச்சுட்டா" என்று வாய் கூசாமல் சொல்லி, வேலையை விட்டுத் துரத்தினார் இந்த மனிதர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். 'சிலையை உடைச்சவ' என்ற பெயர் மட்டும் அம்மாவோடு வீடு வரை வந்து ஒட்டிக்கொண்டது.

இன்று அதே சிலையைக் கடுகளவும் விடாமல் படமெடுத்து, கண்ணாடிக்குள் கொண்டுவந்திருப்பவள் மகள்.

"இருபது வருஷத்துல என் விரல் நுனிகூட இந்தச் சிலை மேல பட்டதில்ல!" என்று சபைக்கு அளந்தார் காப்பாட்சியர். "அவ்வளவு மரியாதை."

"அப்ப கிட்டப் போய்ப் பாருங்க சார். பெரிசாக்குறேன்."

சிலை கூரை முட்ட வளர்ந்தது. கை ஒடிந்த இடம் அவர் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. எட்டாத உயரத்தில், சுவர்ப் பக்கம் திரும்பியிருந்ததால் இதுவரை யாரும் கண்டுகொள்ளாத இடம். அங்கே ஒரு கட்டை விரல் ரேகை தெரிந்தது, குறுக்கே ஒரு கோட்டோடு.

"ஆகா! ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சிற்பியோட ரேகை!" சிலிர்த்துப்போய் மறுபடியும் கட்டை விரலை உயர்த்தினார்.

"கல்லுல ரேகை பதியாது சார். அது பழைய பசை. எங்கம்மா துடைக்கிறதுக்கு முன்னாலயே யாரோ அந்தக் கையை உடைச்சு, ஒட்டி வச்சிருக்காங்க."

கூட்டம் திரையைப் பார்த்தது. பிறகு அவர் விரலைப் பார்த்தது. அது மெல்ல மடங்கத் தொடங்கியது.

கடைசி வரிசையில் அம்மா எழுந்து நின்றாள்.

"மடக்காதீங்க ஐயா, எல்லாரும் பாக்கட்டும்!"